கார்த்திகையில் இறங்கிய கிணறு

போன வாரம் ஆபீசிலிருந்து கவிதா போன் பண்ணியது. நான் ரிட்டையர் ஆன நாற்காலியில் இப்போது அந்தப் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறது. கிணறுகளில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்று மாதாமாதம் அளந்து எழுதுகிற அரசாங்கப் பிரிவு எங்களுடையது. வெளியாட்களிடம் சொன்னால் "இதுக்கெல்லாமா ஒரு ஆபீசு?" என்பார்கள். கோடையில் போர்வெல் காய்ந்து போனதும் அவர்களே தேடி வருவார்கள்.

"சார், நம்ம கிணத்து அளவெல்லாம் இப்ப வெப்சைட்ல ஏத்தியாச்சு. மனு வேணாம், ஒண்ணும் வேணாம், யார் வேணாலும் எடுத்துக்கலாம். ஆனா மேலூர்ப் பக்கம் முப்பத்தேழாம் நம்பர் கிணத்துல மட்டும் குறிப்புன்னு மொழ நீளத்துக்கு என்னமோ கெடக்கு. கீழ உங்க பேரு. காலேஜ் பிள்ளைக போன் பண்ணி இது என்னன்னு கேக்குதுக. எடுத்துரவா சார்?"

"எடுத்துப் பாரு. நேரா பஸ் ஏறி வந்து உன் நாற்காலியில உக்காந்துருவேன்" என்றேன்.

"அய்யய்யோ, வேணாம் சார். அப்ப என்ன நடந்துச்சுன்னு எழுதியாச்சும் குடுங்க. கேக்குறவுகளுக்கு அதையே அனுப்பிர்றேன்."

அதனால் எழுதுகிறேன். எனக்குப் பெருமை சேர்க்கிற கதை இல்லை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கம் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. பேர் தவமணி. வேலை பழகின கதையை நீட்ட வேண்டாம். ரெண்டு வருசம் ஒரு சீனியர் பின்னால் டேப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார், நான் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்புட்டுத்தான் பயிற்சி. மூன்றாவது வருசம் அறுபது கிணற்றை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அறுபதும் அறுபது திக்கில் கிடக்கும். அவனியாபுரத்தில் ஒன்று ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் இருந்தது, எட்டிப் பார்த்தாலே கிரீஸ் வாடை அடிக்கும். பரவையில் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் ஒன்று, தண்ணீர் மேல் வெங்காயச் சருகு மிதக்கும். மேலூர்ப் பக்கம் போனால் பூராவும் வயக்காட்டுக் கிணறு, வரப்பு வழியாகத்தான் நடக்க வேண்டும். மாதத்தில் முதல் பத்து நாளைக்குள் அறுபதையும் முடித்தாக வேண்டும் என்பது சட்டம். பஸ், சைக்கிள், நடை என்று கலந்து அடிப்பேன்.

அளக்கிற முறை இதுதான். எஃகு டேப்பு, முனையில் ஒரு குண்டு. முதல் ஐந்தடிக்கு சாக்பீஸைத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டும். மோட்டார் ஓடினால் அளக்கக் கூடாது. நிறுத்தி எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டேப்பை மெதுவாக இறக்கி, குண்டு தண்ணீருக்குள் போன பிறகு, ஒரு முழு அடிக் கோட்டைக் கிணற்றுச் சுவரில் இருக்கிற குறியில் சரியாகப் பிடிக்க வேண்டும். அப்புறம் மேலே இழுத்தால் சாக்பீஸ் எதுவரைக்கும் நனைந்திருக்கிறது என்று தெரியும். மேலே பிடித்த அளவில் நனைந்ததைக் கழித்தால் தண்ணீர் கிடக்கிற ஆழம். ரெண்டு தடவை அளக்க வேண்டும், ரெண்டும் ஒத்துவரவில்லையென்றால் மூன்றாவது தடவை.

அந்தக் குறி என்பது ஒரு சிவப்பு அம்பு. ஒவ்வொரு கிணற்றுக் கைப்பிடிச் சுவரிலும் பெயின்டில் போட்டிருப்போம். அந்த அம்பு தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்று ரிஜிஸ்டரில் இருக்கும். அளந்த ஆழத்தில் அந்த உயரத்தைக் கழித்தால்தான் தரையிலிருந்து தண்ணீர் எம்புட்டு ஆழம் என்று வரும். ஒரு கிணற்றுச் சுவர் முழங்கால் உயரம், இன்னொன்று நெஞ்சு உயரம் இருந்தாலும் கணக்கு ஒன்றாக நிற்பது இந்தக் கழித்தலால்தான். சுவரை இடிப்பார்கள், கட்டுவார்கள். அதனால் வருசம் ஒரு தடவை, சித்திரையில், அம்பின் உயரத்தை டேப்பு வைத்துப் பார்த்து எழுத வேண்டும். அது போக மாதாமாதம் 'குறி சரிபார்த்தேன்' என்று ஒரு கட்டம் உண்டு. பார்த்துவிட்டு டிக் அடிக்க வேண்டும். என் மானம் போனது இந்த ஒரு கட்டத்தில்தான்.

எனக்கு மேலதிகாரியாக வந்தவர் ஹேமலதா மேடம், உதவி நிலவியலாளர். மதுரை மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். மதியம் அம்மாவோடு போனில் அவர்கள் பாஷையில் பேசுவார். எங்களுக்கு ஒரு எழுத்து விளங்காது. "நம்மளத்தான் போட்டுத் தாக்குறாங்க போல" என்பார் ஹெட் கிளார்க். உண்மையில் அந்த அம்மா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சத்தமே போடமாட்டார். எண்களை நாம் வாசித்தால் நிதானமாகக் கேட்டுவிட்டு "திருப்பிச் சொல்லுங்க" என்பார். திருப்பிச் சொன்னால் போதாது, ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு வந்தாலும், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாலும், ரிஜிஸ்டர் கையில் இருந்தால் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வந்த முதல் நாளே ஆபீசிலிருந்த ரப்பர் எல்லாவற்றையும் வாங்கி அவர் மேசை டிராயருக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். எண் தப்பாகப் போனால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் இருக்கிற எண் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, எதனால் மாற்றினோம் என்கிற காரணம். நான் ஒருதடவை பிளேடு வைத்துச் சுரண்டிவிட்டுப் புது எண்ணை எழுதிக் கொண்டுபோனேன். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இந்த எடத்துல என்ன இருந்துச்சு?"

"பதினேழு மேடம்."

"அதை எழுதுங்க."

"அது தப்பு மேடம்."

"தப்புன்னே எழுதுங்க. ஆனா எழுதுங்க."

எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. வேகாத வெயிலில் அலைகிறவன் நான், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பதினேழைக் கேட்கிறது இந்த அம்மா என்று வெளியே வந்து ஹெட் கிளார்க்கிடம் புலம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. பழைய ரிஜிஸ்டர் பூராவையும் அதில் ஏற்றினோம். ஏற்றி முடித்த கையோடு, மனு கொடுத்துக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. "வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா ஆகப்போகுது மேடம். ஊரான் எல்லாம் வந்து நம்மள நொட்டை சொல்லுவான்" என்றேன்.

"சொல்லட்டுமே. நம்மகிட்ட நொட்டை இருக்கா தவமணி?"

"என் ரிஜிஸ்டர்ல ஒண்ணும் கிடையாது மேடம்" என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன். அட கிறுக்குப் பயலே!

முப்பத்தேழாம் நம்பர் கிணறு மேலூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. சொந்தக்காரர் ஆண்டிச்சாமி அண்ணன். என்னைவிட ஆறேழு வயசு மூத்தவர். அந்தக் கிணற்றை நம்பித்தான் ஒன்றரை ஏக்கர் காய்கறியும் பதினெட்டுத் தென்னையும் வைத்திருந்தார். நான் போகிற அன்றைக்கு மோட்டாரைப் போடாமல் காத்திருப்பார். அறுபது கிணற்றில் அப்படி ஒரு ஆள் அவர்தான். மற்ற இடங்களில் "நீ அளந்து என்ன ஆகப்போகுது, மழை பெய்யுமா?" என்பார்கள்.

ஒரு ஐப்பசியில் அவர் கன்றுக்குட்டி கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போனது. சுவர் அப்போது ஒரே அடி உயரம். அதற்குப் பிறகு சுவரை உயர்த்திக் கட்டிவிட்டார். கார்த்திகையில் நான் போனபோது நசநசவென்று மழை, அண்ணன் வீட்டுக்குள் இருந்தார். மேலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சிமெண்டு பூசின புதுச் சுவர் நிற்கிறது, அதன் மேல் சிவப்பு அம்பு பளிச்சென்று இருக்கிறது. டேப்பை இறக்கினேன், அளந்தேன், டிக் அடித்தேன், கிளம்பிவிட்டேன்.

அதுவரைக்கும் குனிந்து அளந்தவன் அன்றைக்கு நிமிர்ந்து நின்று அளந்திருக்கிறேன். இடுப்பு வலிக்காமல் இருக்கிறதே என்று சந்தோசப்பட்டேனே ஒழிய, அம்பு எப்படி மேலே ஏறியது என்று யோசிக்கவில்லை. அம்பு இருந்தால் உயரம் ரிஜிஸ்டரில் இருக்கும் என்பது பதினைந்து வருசத்துப் பழக்கம். சித்திரையிலாவது டேப்பு வைத்திருந்தால் தப்பித்திருப்பேன். அடுத்து வந்த சித்திரைக் கணக்கை மேலூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, போன வருசத்து எண்ணைப் பார்த்து எழுதினேன், அதற்கடுத்த வருசமும் அப்படியே. எல்லாரும் செய்வதுதான் என்று அப்போது சமாதானம். எல்லாரும் செய்தார்களோ என்னவோ, நான் செய்தேன்.

அதே சித்திரையில் அரை மைல் தள்ளி ஒரு கல் குவாரி வந்தது. குழி ஆழமாகப் போகப் போக ஊற்றுத் தண்ணீர் அதில் ஊறியது. அதை இரவும் பகலும் இரைத்து ஓடையில் விட்டார்கள். சுற்றியிருந்த கிணறுகள் இறங்க ஆரம்பித்தன. ஆண்டிச்சாமி அண்ணன் கிணறுதான் பக்கத்தில், அதனால் அதற்குத்தான் அடி அதிகம். அடுத்த தைக்குள் மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் காற்றை இழுத்தது. அவர் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, தண்ணீர் இரைப்பதை நிறுத்தச் சொல்லி மனுப் போட்டார்.

கலெக்டர் ஆபீசில் நடந்த விசாரணைக்கு என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனுக்குத் தைரியம் வந்துவிட்டது. "தம்பி மாசாமாசம் அளந்து எழுதியிருக்காக. அந்த நோட்டு போதும் எனக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

குவாரிக்காரர் வக்கீல் எங்கள் ஆபீசிலிருந்தே மனுப் போட்டு ஃப்ளாப்பி வாங்கி, அதைப் படமாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முறைப்படி வாங்கினதுதான், தப்பே சொல்ல முடியாது. எங்கள் ரிஜிஸ்டரைக் காட்டி என்னிடம் கேட்டார்:

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"குறி சரிபார்த்தேன்னு டிக் அடிச்சிருக்கீங்க. சரிபார்த்தீங்கள்ல?"

"பார்த்தேன் சார்."

"இந்தக் கெணறு கார்த்திகையிலயே எறங்க ஆரம்பிச்சிருச்சு. எங்க கட்சிக்காரர் சித்திரையிலதான் மோட்டாரே எறக்கினார். அப்ப எப்படி எங்களால எறங்குச்சுன்னு சொல்றாங்க?"

ரிஜிஸ்டரில் அப்படித்தான் இருந்தது. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த கிணறு என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். வெளியே வந்த ஆண்டிச்சாமி அண்ணன், "நோட்டுல அப்படியா தம்பி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். "அப்படித்தாண்ணே இருக்கு" என்றேன். சரி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மாதம் போயிருக்கும். மதுரையில் ஒரு கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் ஒருத்தர், டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். அவரும் ஃப்ளாப்பி வாங்கி, அளவுகளைப் படமாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"சார், முப்பத்தேழாம் நம்பர்ல ஒரு சந்தேகம். கார்த்திகையில அந்த வட்டாரத்துக் கெணறெல்லாம் ஒன்றரை அடி ஏறியிருக்கு. இது மட்டும் ஒரு அடி எறங்கியிருக்கு. அளவு தப்பா இருக்குமோ?"

எனக்கு வந்ததே கோபம்! "நாங்க பதினஞ்சு வருசமா அளக்குறோம் சார். நீங்க படம் போட்டுப் பாக்குறீங்க. கெணத்த நேர்ல பார்த்திருக்கீங்களா?" என்று எகிறினேன். மேடம் உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "உக்காருங்க சார்" என்று அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கார்த்திகை மழையில கெணறு எறங்குமா தவமணி?"

"எறங்காது மேடம்."

"பக்கத்துல ஏறினது ஒன்றரை. இதுல எறங்கினது ஒண்ணு. ரெண்டையும் கூட்டினா?"

"ரெண்டரை மேடம்."

"திருப்பிச் சொல்லுங்க."

ரெண்டாவது தடவை சொல்லும்போது அந்தப் புதுச் சுவர் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

மறுநாள் ஜீப்பில் போனோம். மேடம் கேட்டதும் ஆண்டிச்சாமி அண்ணனே சுத்தியலை எடுத்துவந்து பூச்சைத் தட்டினார். அடியில் ஒரு அடிக்குப் பழைய செங்கல் கருத்துத் தெரிந்தது, அதற்கு மேல் புதுசு. புதுசை அளந்தோம். சரியாக ரெண்டரை அடி.

"இந்த அம்பு யாரு போட்டது?" என்றார் மேடம்.

"நாந்தாம்மா" என்றார் அண்ணன். அம்புட்டுச் சந்தோசம் முகத்தில். "செவரு ஒசத்துனதுல பழைய அம்பு மறைஞ்சுபோச்சு. தம்பி வந்தா தேடுவாகளேன்னு மேலூரு போயி செவப்புப் பெயிண்டு வாங்கியாந்து போட்டேன். பழசு மாதிரியே இருக்கால்ல?"

"அப்படியே இருக்கு" என்றார் மேடம். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மனுசனுக்கு விவரத்தைச் சொல்லாமலேயே ஜீப்பில் ஏறிவிட்டேன்.

அந்த வருசம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பேர் இருந்தது. அதனால் மறுநாள் ஆபீசில், வெட்கத்தை விட்டு, மேடத்திடம் மெதுவாகச் சொன்னேன். "கம்ப்யூட்டர்லதான மேடம் இருக்கு. கார்த்திகையிலேர்ந்து எல்லா நம்பர்லயும் ரெண்டரை அடியக் கழிச்சுட்டா சரியாப் போயிரும். யாருக்கும் தெரியாது. அண்ணனுக்கும் நல்லது."

"வக்கீல்கிட்ட ஒரு ஃப்ளாப்பி இருக்கே. அதை எப்படித் திருப்பி வாங்குவீங்க?"

நான் தலையைச் சொறிந்தேன்.

"அவரு ஒரு நம்பரைக் காட்டுவாரு. நாம வேற நம்பரைக் காட்டுவோம். விவசாயிக்காக ஆபீஸ் திருத்திருச்சும்பாரு. அப்புறம் நீங்க அளந்த அறுபது கெணத்தையும் எவனும் நம்ப மாட்டான். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை இது. பழைய நம்பர் அப்படியே இருக்கட்டும். பக்கத்துல சரியான நம்பர். என்ன நடந்துச்சுன்னு குறிப்பு. கீழ பேரு."

"யாரு பேரு மேடம்?"

"அளந்தவர் பேரு."

அன்றைக்கு அந்த அம்மாவை நான் மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. ஆனாலும் எழுதினேன். சுவர் உயர்த்தப்பட்டதைக் கவனிக்கவில்லை, குறியின் உயரத்தை அளக்காமலேயே சரிபார்த்ததாகப் பதிந்தேன், சித்திரை அளவும் எடுக்கப்படவில்லை என்று மூன்று வாக்கியம். கவிதா சொன்ன முழ நீளக் குறிப்பு அதுதான். ஃப்ளாப்பி வாங்கியிருந்த எல்லாருக்கும், வக்கீலுக்கும் சேர்த்து, திருத்தத்தைத் தபாலில் அனுப்பினார் மேடம். எனக்கு மெமோ வந்தது. பட்டியலிலிருந்து பேர் போனது. திரும்ப வர மூன்று வருசம் ஆனது.

திருத்தின கணக்கில் கிணறு கார்த்திகையில் மற்றதைப் போல ஏறியிருந்தது. சித்திரைக்குப் பிறகுதான் இறங்கியிருந்தது. மேடம் அதன் நகலை அண்ணனுக்கும் அனுப்பிவைக்க, அதை வைத்து அவர் மேல்முறையீடு செய்தார். அது விசாரணைக்கு வர முழுசாக ஒரு வருசம் பிடித்தது. அதற்குள் காய்கறி போய்விட்டது. தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய ஆரம்பித்தன. நான் மாதாமாதம் போய் அளந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தடவையும் அதே வக்கீல். என்னிடம் கேட்டார்: "அம்புக்குறி போட்டது நீங்களா?"

"இல்ல சார்."

"உங்க ஆபீஸ்ல வேற யாரும்?"

"இல்ல சார்."

"அப்ப யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஆண்டிச்சாமி அண்ணன் எழுந்துவிட்டார். "நாந்தேன்யா போட்டேன்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு உசிரே போய்விட்டது. வக்கீல் அப்படியே விசாரணை அதிகாரி பக்கம் திரும்பினார். "மனுதாரரே குறியை மாத்தியிருக்கார். இந்த அளவு எதையுமே ஏத்துக்கக் கூடாது." அண்ணன் என்னைப் பார்க்கிறார், மேடத்தைப் பார்க்கிறார். தான் என்ன தப்புச் செய்தோம் என்றே அவருக்கு விளங்கவில்லை.

மேடம் எழுந்து ரிஜிஸ்டரை விரித்து அதிகாரி முன்னால் வைத்தார். குரல் ஏறவே இல்லை.

"குறி மாறினது எப்பன்னு இந்தத் தப்பான நம்பரே சொல்லுது சார். கார்த்திகை. குவாரி வந்தது சித்திரை. அஞ்சு மாசம் கழிச்சு வரப்போற குவாரிக்கு எதிரா ஒருத்தர் எப்படிக் குறியை மாத்துவாரு? அது மட்டுமில்ல, இந்த அம்பாலதான் மொத விசாரணையில இவருக்கே மனு தள்ளுபடி ஆச்சு. தான் தோக்குறதுக்காக எவனாவது ஏமாத்துவானா சார்?"

அதிகாரி சிரித்துவிட்டார். கோடு போட்ட பழைய எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். நான் மட்டும் அன்றைக்கு என் இஷ்டத்துக்கு எண்ணை மாற்றியிருந்தால், அந்தக் கார்த்திகைத் தப்பு அங்கே சாட்சியாக இருந்திருக்காது. ஆண்டிச்சாமி அண்ணனுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பியிருப்பார்கள்.

தண்ணீர் இரைப்பதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஊரே வெடி போட்டது. நானும் தலை தப்பியது என்று இருந்தேன். அன்றைக்கு அந்த விசாரணை அறையில் ஆண்டிச்சாமி அண்ணன் காதில் எது விழுந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த மாத அளவுக்குப் போனபோது குவாரி மோட்டார் நின்றிருந்தது. அண்ணன் வழக்கம்போலக் காத்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. பதினெட்டில் பதினொரு தென்னை மொட்டையாக நின்றது. குழித் தண்ணீர் நின்றால் கிணறு ஏறும், ஆனால் கொண்டை போன தென்னை திரும்பத் தழைக்காது. நான் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்கண்ணே."

"அந்தம்மா அன்னைக்குச் சொன்னாகள்ல, என் அம்பாலதான் மொதத் தடவை தோத்தேன்னு. நான் பெயிண்டு அடிக்காம இருந்திருந்தா அப்பவே செயிச்சிருப்பேன். இந்த மரமெல்லாம் நின்னுருக்கும். அப்படித்தான?"

இத்தனை நாளாக இதைத்தான் மென்றுகொண்டிருந்திருக்கிறார் மனுசன். எனக்கு உபகாரம் செய்யப் போய், தன் மரத்தைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"இல்லண்ணே. அம்பு எங்கன இருந்தாலும் அதோட ஒசரத்த டேப்பு வச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் எனக்குச் சம்பளம். நான் பாக்கல. பாத்தேன்னு மாசாமாசம் டிக் அடிச்சேன். பாத்தேன்னு விசாரணையிலயும் சொன்னேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல. மரம் போனது என்னாலண்ணே."

"விடுங்க தம்பி" என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லக்கூடிய மனுசன்தான் அவர். சொல்லவில்லை.

"அந்தக் கார்த்திகை மழையன்னைக்கு நான் வீட்லதான தம்பி இருந்தேன்" என்றார். "செவரு ஏன் ஒசந்துச்சுன்னு ஒரு சத்தம் குடுத்துக் கேட்டிருக்கலாம்ல?"